மாப்பிள்ளைக்குப் பேச ஆள் யார்?

காவின் என்னும் கலியாணப் பதிவு எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

போன மாதம் உங்களில் சிலர் கல்முனையில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தேத்தண்ணி குடித்து முடித்ததும் ஒருவர் கேட்டார்: "காக்கா, நீங்க நிக்காஹ்வுக்கு முந்திப் பந்தல்ல எழும்பி நிண்டு ரெண்டு கேள்வி கேப்பீங்களாமே. மாப்பிள்ளைக்குப் பேச ஆள் ஆரு, பொண்ணுக்குப் பேச ஆள் ஆரு எண்டு. படிவத்தில அப்பிடி ஒரு இடமும் இல்லயே. எதுக்கு அது?"

நான் அப்போது பதில் சொல்லவில்லை. எனக்கே அந்தப் பதில் கிடைக்கப் பல வருடங்கள் சென்றன. நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற விசயமில்லை என்பதால் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியிருக்கிறேன்.

படிவத்தை எப்படி நிரப்புவது என்று இதில் தேடாதீர்கள். பெண்ணுக்குப் பொறுப்பான வலியார் யார், சாட்சி யார், மாப்பிள்ளை கொடுக்கும் மஹர் எவ்வளவு என்பதெல்லாம் சட்டப் புத்தகத்திலும் உங்கள் பயிற்சியிலும் இருக்கிறது. நான் சொல்ல வருவது, பந்தலில் உள்ள எல்லாரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, பேனையைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் நிற்கும் ஒரு நேரத்தைப் பற்றி.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஊரில் எந்தப் பழைய வழக்கத்தைக் கண்டாலும் அது எப்போது வந்தது, எதற்காக வந்தது என்று கேட்பேன். திகதி கேட்பேன். திகதி இல்லாவிட்டால் எந்தப் போகம், எந்தப் பெருநாளுக்கு முந்தி என்றாவது கேட்பேன். பெண்சாதி இதைச் சொல்லிச் சிரிப்பா. ஆனால் இந்தப் பைத்தியம் வேலைக்கு உதவியது. ஒருமுறை நற்பிட்டிமுனைப் பக்கத்து விவசாயி ஒருவர், வயது போன காலத்தில் இரண்டாம் கலியாணம் செய்ய வந்தார். பிறந்த பதிவு கைவசம் இல்லை. "எப்ப பிறந்தீங்க?" என்று கேட்டேன்.

"வெள்ளத்துக்கு அடுத்த போகம்."

எனக்குப் பெருமை. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் எனக்குத் தெரியாதா? எழுதப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். "றெஜிஸ்தார், நீங்க நினைக்கிறது நாட்டுக்கு வந்த வெள்ளம். நான் சொல்றது எங்கட வட்டைக்கு வந்த வெள்ளம்."

அன்றைக்குப் படித்தது: நாட்டின் வரலாறும் ஒரு வயல் வட்டையின் வரலாறும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. எந்த வெள்ளம் என்று கேட்காமல் எழுதாதீர்கள்.

இன்னொன்றும் இந்தப் பைத்தியத்தால் தெரிந்துகொண்டேன். ஒரு வழக்கத்துக்குக் காரணம் கேட்டால் முதலில் கிடைக்கும் பதில், பெரும்பாலும் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பதிலாக இருக்கும். எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் மாப்பிள்ளை பெண்வீட்டுப் படியில் கால் வைக்கும்போது பெண்ணின் தம்பியோ, மூத்தவரான காக்காவோ அவர் காலைக் கழுவுவார். மாப்பிள்ளை அவர் விரலில் ஒரு மோதிரம் போடுவார். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். தூசியோடு நடந்து வந்தவர், கழுவினால்தானே உள்ளே போகலாம் என்பார்கள். இப்போது மாப்பிள்ளை காரில் வந்து, காப்பெட்டில் இறங்குகிறார். காலில் தூசியே இல்லை. கழுவுவது மட்டும் நிற்கவில்லை. தூசி போன பிறகும் வழக்கம் நிற்கிறதென்றால், காரணம் தூசியில் இல்லை. எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அந்தத் தண்ணீர் விழும்வரை அவர் வெளியாள். விழுந்த பிறகு மச்சான். மச்சானைக் கேலி பண்ணலாம், மச்சானிடம் மோட்டார் சைக்கிள் இரவல் கேட்கலாம், மச்சானோடு சண்டை பிடிக்கலாம். வெளியாளோடு இதெல்லாம் முடியாது.

இனி அந்த இரண்டு கேள்விக்கு வருகிறேன். நான் யாருக்குக் கீழே வேலை பழகினேனோ அந்தப் பெரியவர்தான் அதைக் கேட்பார். காவின் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு, எழும்பி நின்று, "மாப்பிள்ளைக்குப் பேச ஆள் ஆரு?" என்பார். யாராவது கை தூக்கினால் "பொண்ணுக்கு?" என்பார். அதன் பிறகுதான் பேனையைத் திறப்பார். ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை மலைநாட்டிலிருந்து ரோட்டு வேலைக்கு வந்தவர். ஊரில் சொந்தமென்று ஒருவரும் இல்லை. பெரியவர் கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. பெரியவர் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, காற்று வாங்க வந்தவர்போல உட்கார்ந்துவிட்டார். கடைசியில், பெண்வீட்டுக் குடியைச் சேராத வம்மியடிக் குடியின் தலைவரான மரைக்கார் ஒருவர் எழும்பி, "சரி, நான் பேசுறன். எழுதுங்க" என்றார். பெரியவர் எழுதினார்.

திரும்பி வரும் வழியில் காரணம் கேட்டேன். "கேட்டுக்கொண்டு வாரும். ஒரு நாளைக்கு விளங்கும்" என்றார். அவர் மௌத்தாகிக் கண்மூடும்வரை எனக்கு விளங்கவில்லை. வழக்கத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன். பந்தலில் சிரிப்பார்கள். "மாப்பிள்ளைக்கு அவர்ட வாயே காணும், வேற ஆள் எதுக்கு?" என்பார்கள். நானும் சிரித்துவிட்டு எழுதுவேன்.

அது விளங்கிய நாளைத்தான் சொல்லப்போகிறேன். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். சரியான திகதி என்னிடம் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் ஊரில் இருப்பதால் எழுதவில்லை. குடிகளின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

வேறு பக்கத்திலிருந்து நியமனம் பெற்று வந்த தம்பிமாருக்காகக் குடியைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் பக்கத்தில் குடி உம்மாவிடமிருந்து வரும். உம்மா என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடியில் பிறந்தவர்கள் காக்கா தங்கச்சி மாதிரி, அவர்களுக்குள் கலியாணம் பேசுவதில்லை. ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருப்பார். பள்ளிவாசலில் குடிக்காகப் பேசுபவர் அவர், வீட்டு வழக்கென்றாலும் அவர்தான். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களிலும் இந்தத் தாய்வழிக் குடி உண்டு. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டில் வந்து குடியிருப்பார். உம்மா, சாச்சி, பெரியம்மா எல்லாருடைய வீடும் பெரும்பாலும் ஒரே வளவில், ஒரே வேலிக்குள் இருக்கும். மாப்பிள்ளை ஒரு வீட்டுக்குள் வருவதில்லை, ஒரு குடிக்குள் வருகிறார்.

பெண்ணின் பெயர் ஸபானா என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. வம்மியடிக் குடி. அவளுடைய உம்மாவின் மூத்த காக்கா, அவளுக்குப் பெரிய மாமா, அவர்தான் அப்போதைய குடி மரைக்கார். முன்னே சொன்ன, மலைநாட்டு மாப்பிள்ளைக்காக எழும்பிய மரைக்காரின் தங்கச்சி மகன். மாப்பிள்ளை கொழும்பில் பிறந்து வளர்ந்தவர், அங்கே கடை. அவருடைய உம்மாவும் வாப்பாவும் எங்கள் பக்கத்தவர்கள்தான். வாப்பா மௌத்து. உம்மா சிறு பிள்ளையாக இருக்கும்போதே ஊரை விட்டுப் போனவ.

பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வந்து இறங்கினார். சப்பாத்தைக் கழற்றிப் படியிலிருந்த பலகையில் கால் வைத்தார். ஸபானாவின் காக்கா றிஸ்வான் செம்போடு நின்றான். கராஜில் வேலை, ஆளும் பெரிய ஆள்.

"மச்சான், மோதிரம் என்ட விரலுக்கு அளவா எடுத்தீங்களா? ஸ்பெனர் பிடிச்ச விரல், தடிப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். றிஸ்வான் செம்பைச் சரித்தான். தண்ணீர் விளிம்புக்கு வந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

"நில்லுடா றிஸ்வான்! ஊத்தாத!"

ஸபானாவின் பெரியம்மா, மரைக்காரின் தங்கச்சி, வாசலுக்கு ஓடி வந்தா. மாப்பிள்ளையின் உம்மாவை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தா. இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

"இவ நம்மட புள்ளடா! நம்மட குடிப் புள்ள! எங்கட உம்மா சாகுமட்டும் இவட உம்மாவத்தான் தேடிக்கொண்டிருந்தவ!"

நடந்தது இதுதான். பெண்கள் மாப்பிள்ளையின் உம்மாவை உள்ளே இருத்தி, வழமைபோல, நீங்கள் யாருடைய மகள், எந்த ஒழுங்கை என்று விசாரித்திருக்கிறார்கள். அவ தன் உம்மாவின் பெயரைச் சொன்னதும் பெரியம்மாவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. வம்மியடிக் குடி. பெண்ணும் வம்மியடி, மாப்பிள்ளையும் வம்மியடி. பெரியம்மா காணாமற்போன சொந்தத்தைக் கண்ட சந்தோசத்தில் கட்டிப் பிடித்து அழுதா. அழுதுகொண்டே கலியாணத்தையும் நிறுத்திவிட்டா.

கலியாணம் பேசிய புரோக்கர்தான் முதலில் மாட்டினார். "நான் என்னத்தக் கண்டன்? போன்ல மாப்பிள்ளையிட்டத்தான் கேட்டன். ஓடக்கரைக் குடி எண்டாரு!"

மாப்பிள்ளை வெறுங்காலோடு பலகையில் நின்றபடியே சொன்னார்: "அது வாப்பாட குடி. குடி எண்டா வாப்பாட இல்லையா?"

கொழும்பில் பாடசாலையில் பெயர் பதிவதும் வாப்பாவை வைத்து, கடையின் பெயரும் வாப்பாவை வைத்து. குடியையும் அப்படியே நினைத்திருக்கிறார். கேட்டவர் உம்மாவை நினைத்துக் கேட்டார், சொன்னவர் வாப்பாவை நினைத்துச் சொன்னார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு பிழை விட வராது.

"இப்ப நான் இவர்ட காலக் கழுவுறதா இல்லையா?" என்றான் றிஸ்வான். "காக்காவா மச்சானா எண்டு ஒரு முடிவச் சொல்லுங்க. கை வலிக்குது."

மரைக்கார் எழும்பினார். குரலை உயர்த்தவில்லை. "காவின் இல்ல. சாப்பாட்டப் போடுங்க. வந்தவங்க எங்கட விருந்தாளி. எங்கட தங்கச்சியும் மருமகனும் வந்திரிக்காங்க எண்டு நினைச்சு நல்லாக் கவனிங்க. சாப்பிட்டு, சந்தோசமாப் போகட்டும்."

அந்த மரியாதைதான் நிலைமையை இன்னும் கடினமாக்கியது. சண்டை பிடித்தால் சமாதானம் பேசலாம். விருந்து வைத்து அனுப்புகிறவரோடு என்னத்தைப் பேசுவது?

நிக்காஹ் ஓத வந்த மௌலவி இளம் ஆள், நல்ல ஓதல் உள்ளவர். "மரைக்கார், மார்க்கத்தில இதுக்குத் தடையே இல்ல" என்றார்.

"நீங்க சொல்றது சரி, மௌலவி. ஹறாம் எண்டு நான் சொல்லல்ல. எங்கட வளவில ஏலா எண்டுதான் சொல்றன்."

பெண்ணின் வாப்பா என் பக்கத்தில் வந்து குனிந்தார். அவரும் ஒரு காலத்தில் அந்த வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தானே. "றெஜிஸ்தார், நான்தான் வலி. நான் ஓம் எண்டா நீங்க எழுதலாந்தானே?"

"எழுதலாம்."

"எழுதினா?"

"நாளைக்கு விடிஞ்சா கிணத்தடியில ஆரு ஒங்கட மருமகனோட கதைப்பாங்க?"

அவர் வளவைச் சுற்றிப் பார்த்தார். மச்சினிமாரின் வீடுகள். பிறகு போய் உட்கார்ந்தார்.

தம்பிமாரே, இந்த இடத்தைக் கவனியுங்கள். சட்டம் என் பக்கம் இருந்தது. மார்க்கமும் தடுக்கவில்லை. புத்தகத்தை விரித்து எழுதிவிட்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒருவரும் என்மேல் வழக்கு வைக்க முடியாது. ஆனால் நான் எழுதுவது ஒரு நாளைக்கு, அவர்கள் குடியிருக்கப் போவது காலமெல்லாம். எழுதாமல் விட்டால்? கொழும்பு வானின் சாரதி ஏற்கெனவே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் உம்மா, பிறந்த மண்ணுக்கு இத்தனை காலத்துக்குப் பிறகு வந்தவ, வாசலில் இருந்து, "நான் வாயத் திறந்திருக்கப்படாது, நான் வாயத் திறந்திருக்கப்படாது" என்று சொல்லிக்கொண்டிருந்தா. மஃரிபுக்கு அதிக நேரம் இல்லை. தொழுகைக்குக் கூட்டம் கலைந்தால் திரும்பிச் சேராது.

ஒரே குடியில் கலியாணம் கூடாது என்பதற்கு ஊரில் சொல்லும் காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். முன்னொரு காலத்தில் இந்தக் கரையின் பழைய சாதிகளான முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவருக்கு உதவினார்களாம், அதற்காக முக்குவப் பெண்களை மணமுடித்துக் கொடுத்தார்களாம், பெண்களோடு குடியும் வந்ததாம். நல்ல கதை, வழிவழியாகச் சொல்லப்படுவது. குடி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது, எதற்காக நிற்கிறது என்பதைச் சொல்லவில்லை. இரத்தம் ஒன்று என்பது இன்னொரு காரணம். இரண்டையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பந்தலில் இரண்டும் உதவவில்லை.

எனக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. எங்கள் பதிவில் மணமகள் கையெழுத்து வைக்க இடமில்லை, அவளுக்காக வலிதான் வைப்பார். ஆனாலும் நான் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியதில்லை. மரைக்காரிடம் அனுமதி கேட்டு உள்ளே போனேன். ஸபானா முழு அலங்காரத்தோடு கதிரையில் இருந்தாள். அழவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மகள், வெளியில நடக்கிறது தெரியுந்தானே?"

"ஓம் மாமா, எல்லாம் கேட்டது."

"ஒங்களுக்கு இந்தக் கலியாணம் விருப்பமா?"

"விருப்பம்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஒரு பயமும் இரிக்கி" என்றாள்.

"ரத்தம் ஒண்டு எண்டா?"

"அதில்ல. பெரிய மாமாட மகன நான் கட்டியிருந்தா ஊரே சந்தோசப்பட்டிரிக்கும். மாமி வேற குடி, அதால மச்சானும் வேற குடி. ஆனா அதுதானே கிட்டின ரத்தம்? இவர்ட உம்மாவ நாங்க இண்டைக்குத்தான் கண்டம்."

"அப்ப என்ன பயம்?"

"உம்மாவும் வாப்பாவும் சண்ட பிடிச்சா வாப்பாட குடியில இருந்து ஓராள் வந்து கத்துவாரு. எங்கட பக்கத்தால பெரிய மாமா கத்துவாரு. ரெண்டு பேரும் கத்தி ஓஞ்சா சண்ட முடிஞ்சிரும். நாளைக்கு எனக்கும் இவருக்கும் ஒரு சண்ட வந்தா நான் பெரிய மாமாட்டப் போவன். அவரும் அதே குடி எண்டு பெரிய மாமாட்டத்தான் வரணும். ஒரு ஆள் எப்பிடி ரெண்டு பக்கத்துக்கும் கத்துற? எங்களுக்கு ஆரு கத்துவாங்க, மாமா?"

மௌத்தாகிப்போன என் பெரியவர் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகியது கண்ணுக்குள் வந்தது. மனைவியின் குடிக்குள் தனி ஆளாக வந்து குடியிருப்பவனுக்கு, அந்தக் குடிக்கு வெளியே ஒரு வாய் வேண்டும். வேறு குடியில் கலியாணம் செய்தால் அந்த வாய் தானாக வந்துவிடும். தானாக வராத இடத்தில் பெரியவர் கேட்டு வாங்கியிருக்கிறார்.

வெளியே வந்து, புத்தகத்தை விரிக்காமல், எழும்பி நின்றபடி கேட்டேன்: "மாப்பிள்ளைக்குப் பேச ஆள் ஆரு?"

மரைக்காருக்குக் கோபம் வந்தது. "காவினே இல்ல எண்டுட்டன். பிறகென்ன கேள்வி?"

"காவினுக்குக் கேக்கல்ல, மரைக்கார். குடி எதுக்கு எண்டு ஒங்கட மருமகள் கேக்கிறா. அதுக்கு மறுமொழி தேடுறன்."

ஸபானா சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன். "ஆரு கத்துவாங்க" என்ற இடத்தில் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. மரைக்கார் சிரிக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"குடி உம்மாட வழிதான், அத நான் மாத்த வரல்ல" என்றேன். "இவர் வம்மியடிதான். ஆனா மலைநாட்டில இருந்து வந்த மாப்பிள்ளைக்குக் குடியே இல்ல. அவருக்கு ஆரு பேசினது?"

"எங்கட மாமா" என்றார் மரைக்கார்.

"அதால குடி குறைஞ்சு போச்சா?"

"இல்ல."

"அப்பிடி வேற குடியில ஓராள் இவருக்குப் பொறுப்பா நிண்டா?"

எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. பின் வரிசையில், ரோட்டைப் பார்த்துப் போட்ட பிளாஸ்டிக் கதிரையில், வட்டானை இருந்தார். ஓடக்கரைக் குடி. மாப்பிள்ளையின் வாப்பாவுக்குத் தாய்மாமன். எங்கள் வட்டையில் நீர் பங்கிடும் வட்டவிதானையாக நெடுங்காலம் இருந்ததால் ஊருக்கு அவர் வட்டானைதான். அவரும் மரைக்காரும் பேசுவதில்லை. தண்ணீர் குறைந்த ஒரு போகத்தில், மரைக்காரின் வயலுக்குப் போகும் வாய்க்கால் கதவை வட்டானை பூட்டினார். பயிர் கருகியது. அதன் பிறகு பள்ளிவாசலில்கூட இருவரும் ஒரே வரிசையில் நிற்பதில்லை. மௌத்தாகிப்போன மருமகனுக்காகத்தான் அன்று அவர் அந்த வளவை மிதித்தார்.

வட்டானை எழும்பினார். "நான் பேசுறன்."

மரைக்காரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே தொடர்ந்தார்: "ஆனா றெஜிஸ்தார், முன்னால இரிக்கிறவரிட்ட ஒண்டு கேளுங்க. நான் புள்ளைக்காகக் கதைக்க இந்த வளவுக்கு வந்தா, கேற்றப் பூட்டுவாரா?"

மரைக்காரும் என்னையே பார்த்துச் சொன்னார்: "பூட்டுறது அவர்ட தொழில் எண்டு சொல்லுங்க. வாய்க்கால் கதவ அவர்தான் பூட்டின. நான் எதையும் பூட்டிப் பழக்கமில்ல."

நான் இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். வட்டானையால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. நேரே மரைக்காரைப் பார்த்தார்.

"தண்ணி இல்லாத போகத்தில பூட்டாம வேற என்ன செய்யிற? கடைசி வயலுக்கும் போகணுமே. என்ட வயலுக்கும் சேத்துத்தானே பூட்டின நான்!"

"ஒன்ட வயலுக்குமா?"

"பின்ன? என்டதும் கருகித்தான் போச்சு."

மரைக்கார் கதிரையோடு வட்டானையின் பக்கம் திரும்பினார். "ஏன்டா, இத நீ அப்பவே சொல்லல்ல?"

"கேட்டாத்தானே சொல்ற. நீதான் கதைக்கிறல்லயே!"

மரைக்கார் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பவும் போட்டுக்கொண்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"றிஸ்வான், தண்ணிய ஊத்துடா."

"அப்ப மச்சான்தானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மோதிரத்தப் போட்டா நான் திருப்பிக் குடுக்க மாட்டன்."

"ஊத்துடா எண்டா!"

செம்பில் இருந்த தண்ணீர் வெயிலில் சூடேறியிருந்தது. மாப்பிள்ளை காலை இழுத்துக்கொள்ளவில்லை. மோதிரம் றிஸ்வானின் விரல் மொளியைத் தாண்டவே இல்லை. சின்ன விரலில் போட்டுக்கொண்டான். நான் "பொண்ணுக்குப் பேச ஆள் ஆரு?" என்று கேட்டபோது மரைக்கார் கையைத் தூக்கி, "நான். அந்தாள் கத்துறதவிடக் கூடக் கத்துவன்" என்றார். பேனையைத் திறந்தேன். மஃரிபுக்கு முன் எழுதி முடித்தேன்.

மாப்பிள்ளையின் உம்மாவைப் பெரியம்மா அன்று முழுக்கக் கை விடவில்லை. "ஒரே நாளில தங்கச்சியும் கிடைச்சா, சம்மந்தியும் கிடைச்சா. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று போவோர் வருவோரிடம் எல்லாம் சொன்னா.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். குடி வழக்கம் உண்மையில் அந்தக் காரணத்துக்காகத்தான் தொடங்கியது என்று என்னால் நிறுவ முடியாது. நான் சொல்வதும் பிறகு வந்து ஒட்டிய காரணமாக இருக்கலாம். தொடங்கிய நாளைக் கண்டவர் யாருமில்லை, திகதி தெரியாத இடத்தில் நான் திகதி எழுதுவதில்லை. ஆனால் அந்த வழக்கம் இன்றைக்கு அந்த வளவில் என்ன வேலை செய்கிறது என்பதை ஸபானா கண்டுகொண்டாள். அந்த வேலையை வேறு வழியில் செய்து கொடுத்தபோது மரைக்காரும் ஏற்றுக்கொண்டார். ஒரு வழக்கம் உங்கள் முன்னால் வந்து மறித்தால் சட்டத்தைக் காட்டி இடித்துக்கொண்டு போகாதீர்கள். பயந்து திரும்பியும் போகாதீர்கள். இது இப்போது யாருக்கு, என்ன உதவி செய்கிறது என்று கேளுங்கள். அந்த உதவி யாருக்குத் தேவையோ அவரிடம் கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒரு வட்டானை எழும்புவார் என்று நான் உறுதி தரமாட்டேன். எழும்பாவிட்டால் பேனையை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள்.

சில வருடங்கள் கழித்து மரைக்கார் என்னை ஒரு நாள் வளவுக்குக் கூப்பிட்டார். ஸபானாவுக்கும் புருசனுக்கும் சண்டை. கடை கொழும்பில் இருப்பதால் குடும்பத்தைக் கொழும்புக்குக் கொண்டு போகவேண்டும் என்கிறார் அவர். வேலையும் உம்மாவும் இங்கே, நான் வரமாட்டேன் என்கிறாள் அவள். நான் போனபோது மரைக்காரும் வட்டானையும் முன் விறாந்தையில் எதிரெதிராக இருந்தார்கள். வட்டானை மாப்பிள்ளைக்காகக் கத்திக்கொண்டிருந்தார். மரைக்கார் மருமகளுக்காகக் கத்திக்கொண்டிருந்தார். ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. ஒருவரும் தொடவில்லை. கத்தல் எப்படியோ கடையிலிருந்து வயலுக்குப் போனது, வயலிலிருந்து வாய்க்காலுக்குப் போனது. அந்தப் போகத்தில் கடைசி வயலுக்குத் தண்ணீர் உண்மையில் போனதா இல்லையா என்ற இடத்தில் நின்று இருவரும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் குசினிப் பக்கமிருந்து ஸபானாவும் புருசனும் ஒன்றாக வந்தார்கள். அவர் கையில் பிள்ளை.

"பெரிய மாமா," என்றாள் ஸபானா, "நாங்க கதைச்சிட்டம். இவர் கல்முனையில ஒரு கடை பாக்கப் போறாரு. கொழும்புக் கடையத் தம்பிக்காரன் பாப்பாரு."

இரண்டு கிழவர்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வட்டானைதான் கையைக் காட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க புள்ள. நாங்க இன்னும் முடிக்கல்ல."